நவஹோவும் எபிரேயமும்: இவ்விரு மொழிகளையும் எந்த அளவுக்கு ஒப்பிடலாம்?

கேள்வி

வணக்கம். பழைய ஏற்பாட்டை மூலமொழியிலேயே வாசித்துப் பொருள் உணர வேண்டும் என்ற விருப்பத்தால் எபிரேயம் கற்று வருகிறேன். அதன் அடிப்படை இலக்கணம் ஓரளவு பிடிபட்ட பின்னர், அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் வழங்கும் நவஹோ மொழியின் இலக்கணத்தையும் படிக்கத் தொடங்கினேன். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத நிலங்களில் வளர்ந்த இவ்விரு மொழிகளுக்கும் இடையே நான் எதிர்பாராத ஒற்றுமைகள் பல தென்படுகின்றன.

"என் தாய்" என்பதை இரண்டு மொழிகளும் ஒரே சொல்லாகச் சொல்கின்றன. நவஹோவில் அது "ஷிமா", எபிரேயத்தில் "இம்மி". "என்" என்னும் பொருள் முன்னதில் சொல்லின் தொடக்கத்திலும் பின்னதில் சொல்லின் இறுதியிலும் ஒட்டி நிற்கிறது. "எனக்காக", "அவனோடு" போன்ற இடங்களிலும் "நான்", "அவன்" என்பன தனித்து நிற்காமல், "ஆக", "ஓடு" போன்ற வேற்றுமைப் பொருள் தரும் சொல்லோடு சேர்ந்துவிடுகின்றன. செய்தவர் யார், எத்தனை பேர், செயல் முடிந்ததா முடியவில்லையா என்பனவற்றையெல்லாம் வினைச்சொல் ஒன்றே தாங்கிக்கொள்கிறது. குரல்வளையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி இரண்டிலும் முழு மெய்யொலியாக மதிக்கப்படுகிறது.

என் ஐயங்கள் மூன்று. அமெரிக்கப் பழங்குடியினர் இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரங்களின் வழிவந்தவர்கள் என்று சிலர் எழுதுவதற்கு இந்த ஒற்றுமைகள் ஏதேனும் சான்றாகுமா? சான்றாகாது என்றால், இலக்கண அமைப்பில் இவற்றை ஒப்பிடுவதால் பயன் உண்டா? எபிரேயம் பேச்சுமொழியாக மீண்டது போல, இளைய தலைமுறையிடம் தேய்ந்து வரும் நவஹோவும் மீள முடியுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பயன் மிகுந்த பகுதி அதுவே. வினைச்சொல் பெருஞ்சுமை தாங்குகிறது என்று தாங்கள் கண்டது சரி. ஆனால் அந்தச் சுமையை ஏற்றும் முறையில் இவ்விரு மொழிகளும் ஏறக்குறைய எதிரெதிர்த் திசையில் செல்கின்றன.

எபிரேய வினையின் உயிர் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆன வேரில் இருக்கிறது. ல்-ம்-த் என்னும் வேரைத் தனியே உச்சரிக்கக்கூட இயலாது. அதற்குள் உயிரொலிகள் ஒரு குறிப்பிட்ட வார்ப்பில் புகுந்த பின்னரே அது சொல்லாகிறது. "லாமத்" என்றால் கற்றான். நடுமெய் இரட்டித்து "லிம்மேத்" என்றால் கற்பித்தான். முன்னே தகரம் சேர்ந்த "தல்மீத்" மாணவன். "தல்மூத்" கல்வி, அதுவே யூதர்களின் பெரும் சட்ட விளக்கத் தொகுதிக்கும் பெயர். இத்தகைய வினை வார்ப்புகள் ஏழு என்பது மரபிலக்கணத்தின் கணக்கு. மாற்றம் வேரின் உள்ளே நிகழ்கிறது. முன்னும் பின்னும் ஒட்டுவன ஒப்பீட்டளவில் குறைவு.

நவஹோ வினையில் அடிச்சொல் இறுதியில் நிற்க, மற்றவை எல்லாம் அதற்கு முன்னால் வரிசைகட்டி நிற்கின்றன. திசையும் முறையும் குறிக்கும் ஒட்டு, பன்மை குறிக்கும் "த", செயப்படுபொருளைக் குறிக்கும் ஒட்டு, செயல்நிலையைக் காட்டும் ஒட்டு, எழுவாயைக் குறிக்கும் ஒட்டு, அடிச்சொல்லுக்கு நேர் முன்னால் தன்வினை பிறவினை வேறுபாட்டோடு தொடர்புடைய ஓர் ஒலி என்று இடங்கள் நீள்கின்றன. அவை தமக்குரிய வரிசையை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் ஒன்றோடொன்று புணர்ந்து உருத்தெரியாமல் கரைந்துவிடுவதால், எந்த ஒலி எந்த ஒட்டுக்கு உரியது என்று பிரித்துக் காண்பது தேர்ந்த இலக்கணிக்கும் கடினமான வேலை. ராபர்ட் யங், வில்லியம் மார்கன் ஆகிய இருவரும் பல பத்தாண்டுகள் இணைந்து உழைத்து உருவாக்கிய நவஹோ இலக்கணமும் அகராதியும் அவ்வளவு பெரியனவாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

இரண்டும் மிக நெருங்கி வரும் இடம் நான் இறுதியாகச் சொன்ன அந்த ஒலியில் இருக்கிறது. நவஹோவில் "யிபேஜ்" என்றால் அது கொதிக்கிறது. நடுவில் காற்றுரசும் லகரம் ஒன்று சேர்ந்து "யில்பேஜ்" என்றானால் அவர் அதைக் கொதிக்கவைக்கிறார். "லாமத்", "லிம்மேத்" இணையிலும், தமிழின் "உருகினான்", "உருக்கினான்" இணையிலும் நிகழ்வது இதே பணிதான். தன்வினையைப் பிறவினையாக்குவதற்குத் தனிச்சொல்லை நாடாமல் வினையின் உடலிலேயே ஒரு சிறு மாற்றத்தைச் செய்வதில் மூன்று மொழிகளும் ஒத்துப்போகின்றன; அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதில் வேறுபடுகின்றன.

இவ்விரண்டில் நவஹோவில் மட்டுமே உள்ள ஓர் அமைப்பையும் தாங்கள் விரைவில் சந்திப்பீர்கள். ஒரு பொருளைக் கொடுத்தல், எடுத்தல், வைத்தல் போன்றவற்றைச் சொல்லும்போது, அந்தப் பொருளின் வடிவத்துக்கேற்ப அடிச்சொல் மாறும். திண்மையான உருண்டைப் பொருளுக்கு ஒன்று, நீண்டு விறைத்த பொருளுக்கு ஒன்று, கயிறு போன்றதற்கு ஒன்று, துணி, தாள் போன்ற மெல்லிய விரிபொருளுக்கு ஒன்று, திறந்த கலத்தில் உள்ளதற்கு ஒன்று, களிமண் போலக் குழைந்ததற்கு ஒன்று, உயிருள்ளதற்கு ஒன்று என்று இலக்கணிகள் பொதுவாக 11 வகைகள் வரை கணக்கிடுவர். எபிரேயத்தில் இதற்கு நேரான அமைப்பு இல்லை. இக்கால எபிரேயத்தில் அணிதலைக் குறிக்கும் வினைகளில் மட்டும் இதன் சாயல் சிறிது உண்டு: ஆடைக்கு "லவஷ்", காலணிக்கு "நஅல்", தொப்பிக்கு "ஹவஷ்" என்று வேறு வேறு வினைகளே வரும். அதுவும் சொல்வழக்கு மட்டுமே, நவஹோவில் உள்ளது போல இலக்கணத்தின் அடித்தளம் அன்று.

பெயர்ச்சொற்களின் பாகுபாட்டைத் தமிழ் கற்றவர்கள் எளிதில் உள்வாங்கிக்கொள்ளலாம். எபிரேயத்தில் பால் உண்டு, திணை இல்லை; கல்லும் நகரமும்கூட ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருந்தாக வேண்டும், முன்னிலையில் "நீ" என்னும் சொல்லே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும். நவஹோவில் பால் இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே ஒட்டுத்தான். ஆனால் திணையை நினைவூட்டும் ஓர் உயர்வு தாழ்வு அங்கே வாக்கியத்தையே ஆள்கிறது. மனிதர் மேலே, சிறு விலங்குகளும் பறவைகளும் அவர்களுக்குக் கீழே, உயிரற்றவை அவற்றுக்கும் கீழே என்ற அடுக்கில் மேலே உள்ளதே வாக்கியத்தில் முன்னே வர வேண்டும். "பறவை சிறுமியைக் கொத்தியது" என்று சொல்ல நினைக்கும் நவஹோ பேசுபவர், பறவையை முதலில் வைக்க மாட்டார். சிறுமியை முன்னிறுத்தி, வினையின் முன்னொட்டை "யி" என்பதிலிருந்து "பி" என்று மாற்றி, கொத்தியது பறவையே என்பதை உணர்த்துவார். குதிரை ஒன்று கோவேறு கழுதையை உதைத்தது என்பது போல இரண்டும் ஒரே படியில் இருந்தால், இரு வரிசைகளும் செல்லும். கென் ஹேல் என்னும் மொழியியலாளர் 1970களின் தொடக்கத்தில் இந்த அமைப்பை விளக்கி எழுதிய பின்னரே, சொல்வரிசை பற்றிய கோட்பாடுகளில் நவஹோ தவிர்க்க முடியாத எடுத்துக்காட்டானது.

மறுமொழி 2

முதல் ஐயத்துக்கு என் விடை: இல்லை, சான்றாகாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காணாமற்போன கோத்திரங்கள் என்ற கருத்து மிகப் பழையது. ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த மனாசே பென் இஸ்ரவேல் என்னும் ரபி 1650இல் அமெரிக்காவில் இஸ்ரவேலர் உள்ளனர் என்ற செய்தியை மையமாக வைத்து நூல் வெளியிட்டார். ஜேம்ஸ் அடேர் என்ற வணிகர் 1775இல், தாம் பழகிய தென்கிழக்குப் பழங்குடியினரின் மொழிகளில் எபிரேயச் சாயலைக் கண்டதாக விரிவாக எழுதினார். அடேர் போன்றோர் செய்தது எல்லாம் ஒன்று போல ஒலிக்கும் சொற்களையும் வழக்கங்களையும் பொறுக்கி அடுக்கியதே. இரு மொழிகள் உறவுடையன என்று நிறுவ, ஒரு மொழியின் குறிப்பிட்ட ஒலி வரும் இடத்தில் மற்றதில் இன்ன ஒலி வரும் என்ற ஒழுங்கு, அடிப்படைச் சொற்கள் பலவற்றில் தவறாது அமைய வேண்டும். நவஹோவுக்கும் எபிரேயத்துக்கும் இடையே அத்தகைய ஒழுங்கு எதுவும் இல்லை.

நவஹோவின் உண்மையான உறவினர் யார் என்பது தெளிவாகவே தெரியும். அது அத்தபாஸ்கன் குடும்பத்தின் தென்கிளையைச் சேர்ந்தது. அப்பாச்சி மொழிகள் அதன் உடன்பிறப்புகள்; அக்குடும்பத்தின் பெரும்பகுதி இன்றும் அலாஸ்காவிலும் வடமேற்குக் கனடாவிலும் வழங்குகிறது, அங்கிருந்தே நவஹோவின் முன்னோர் தெற்கே வந்தனர். எயாக், டிலிங்கிட் ஆகியவற்றோடு சேர்ந்து இது இன்னும் பெரிய குடும்பமாகிறது. சைபீரியாவின் கெட் மொழியோடும் இதற்கு உறவு உண்டு என்று எட்வர்ட் வைதா 2008இல் முன்வைத்த கருத்தை ஆய்வாளர் பலர் கவனத்தோடு எடுத்துக்கொண்டனர், சிலர் இன்னும் ஏற்கவில்லை. எபிரேயமோ அரபு, அரமேயம், அக்காதியம், அம்ஹாரிக் ஆகியவற்றோடு செமித்தியக் குடும்பத்தில் ஐயத்துக்கு இடமின்றி அமர்ந்திருக்கிறது.

ஒலிகளைப் பற்றித் தாங்கள் கூறியதில் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். நவஹோவின் தனி அடையாளங்களில் ஒன்று, நாக்கின் நுனியை லகரத்துக்கு வைப்பது போல வைத்துக்கொண்டு, குரல் இன்றிக் காற்றைப் பக்கவாட்டில் உரசவிட்டு எழுப்பும் ஒலி. எபிரேய எழுத்துக்களில் இன்று சாதாரண ஸகரமாக ஒலிக்கும் "ஸின்" பண்டைக் காலத்தில் ஏறக்குறைய இதே ஒலியாகவே இருந்தது என்று செமித்திய மொழியியலாளர் கருதுகின்றனர். தென் அரேபியாவில் இன்றும் பேசப்படும் மெஹ்ரி, சொகோத்ரி முதலிய மொழிகள் அதைக் காத்து வைத்திருக்கின்றன. எபிரேய விவிலியம் "கஸ்தீம்" என்று குறிக்கும் மக்களை அக்காதியர் லகரம் வைத்துக் "கல்து" என்று எழுதினர். தமிழ் விவிலியத்தில் நாம் படிக்கும் கல்தேயர் அவர்களே. நறுமணப் பிசினைக் குறிக்கும் "போஸெம்" என்னும் எபிரேயச் சொல்லோடு தொடர்புடைய கிரேக்கச் சொல் "பால்ஸமோன்" என்று லகரமும் ஸகரமும் சேர்ந்து வருவதும் இதற்கு ஆதரவாகக் காட்டப்படுகிறது. குரல்வளையை மூடிக்கொண்டு வெடிப்போடு வெளிவிடும் மெய்கள் நவஹோவில் நிறைய உண்டு. எத்தியோப்பியச் செமித்திய மொழிகளிலும் உண்டு. பண்டை எபிரேயத்தின் அழுத்த மெய்களும் தொடக்கத்தில் அப்படியே இருந்திருக்கும் என்பது வலுவான கருத்து. ஆக, இக்கால எபிரேயத்தைவிடப் பண்டை எபிரேயம் நவஹோவுக்கு ஒலியளவில் நெருக்கமாக இருந்தது. ஆனாலும் இது உறவைக் காட்டாது. இவ்வொலிகள் உலகின் பல மூலைகளில் தனித்தனியே தோன்றியவை. மேலும் நவஹோ உயிர்களுக்கு உள்ள உயர் தொனி, தாழ் தொனி வேறுபாடு எபிரேயத்தில் எக்காலத்திலும் இருந்ததற்கு அடையாளம் இல்லை.

ஒரு செய்தியை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். நவஹோ ஆய்வுக்கு அடித்தளமிட்ட எட்வர்ட் சபீர் ஒரு யூத ஆலயப் பாடகரின் மகன். 1915இல் அத்தபாஸ்கன், டிலிங்கிட் முதலியவற்றை ஒரே குடும்பமாக முன்மொழிந்தவரும், 1929இல் நியூ மெக்சிகோவில் நவஹோ பேசுவோரிடம் அமர்ந்து மொழிச்சான்றுகளைத் திரட்டியவரும் அவரே. தம் இறுதி ஆண்டுகளில் செமித்திய ஆய்விலும் ஈடுபட்டு எபிரேயக் கடன்சொற்கள் குறித்துக் கட்டுரைகள் எழுதினார். இரு மொழிகளையும் இவ்வளவு நெருக்கமாக அறிந்த அவர், அவற்றை உறவுமொழிகள் என்று ஒரு போதும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பாலும் திணையும் பற்றிய விளக்கம் எனக்குப் பெரிதும் உதவியது. மூன்றாவது ஐயத்துக்கும், முடிந்தால் புதிய பொருள்களுக்கு இம்மொழிகள் எவ்வாறு பெயரிடுகின்றன என்பதற்கும் யாரேனும் விடை தர வேண்டுகிறேன்.

மறுமொழி 3

மொழி மீட்பைப் பற்றிப் பேசும்போது எபிரேயத்தை முன்மாதிரியாகக் காட்டாதவர் இல்லை. ஆனால் நவஹோவின் நிலை அதற்கு நேர்மாறானது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் எபிரேயத்துக்கு ஏடுகள் இருந்தன, எழுத்தறிந்தோர் இருந்தனர், வழிபாடும் கடிதப் போக்குவரத்தும் செய்தித்தாளும் இருந்தன. அதைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தை மட்டும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நவஹோவுக்கு வீடுதோறும் பேசும் குழந்தைகள் இருந்தனர். நிலைபெற்ற எழுத்து 1930களின் இறுதியில்தான் உருவானது, 1943 முதல் 1957 வரை அம்மொழியில் ஒரு செய்தித்தாள் வெளிவந்தும் எழுதிப் படிக்கும் பழக்கம் பரவலாக வேரூன்றவில்லை.

எலியேசர் பென் யெகூதா 1881இல் பாலஸ்தீனத்தில் குடியேறித் தம் மகனோடு எபிரேயத்தில் மட்டுமே பேசினார் என்ற வரலாற்றைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். ஒரு குடும்பத்தின் உறுதியால் மட்டும் மொழி மீண்டுவிடவில்லை. ரிஷோன் லெசியோன் போன்ற குடியிருப்புகளின் பள்ளிகளில் எல்லாப் பாடங்களையும் எபிரேயத்தில் நடத்திய ஆசிரியர்களும், 1898இல் தொடங்கிய மழலையர் பள்ளியும் இல்லாமல் அது நடந்திருக்காது. அதைவிட முதன்மையான காரணம், ரஷ்யாவிலிருந்தும் யேமனிலிருந்தும் பால்கன் நாடுகளிலிருந்தும் வந்து ஓரிடத்தில் கூடிய மக்களுக்குத் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேறு பொதுமொழி இல்லை என்பதே. 1922இல் பிரித்தானிய ஆட்சி எபிரேயத்தை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றபோது, அது ஏற்கெனவே தெருவில் ஒலித்துக்கொண்டிருந்தது.

நவஹோ மக்களுக்கு அந்தத் தேவை இல்லை. அவர்களுக்குப் பொதுமொழியாக ஆங்கிலம் வலுவாக நிற்கிறது. 1864இல் அமெரிக்கப் படை அவர்களைத் தம் நிலத்திலிருந்து பெயர்த்து நெடுந்தொலைவு நடத்திச் சென்றதையும், 1868 ஒப்பந்தத்தின் பின்னர் அவர்கள் திரும்பியதையும், அதன் பின் விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டதையும் கடந்து அம்மொழி பிழைத்திருந்தது. அப்படித் தண்டித்த அரசே 1942இல், இரண்டாம் உலகப்போரின்போது, மரைன் படைப்பிரிவில் 29 நவஹோ இளைஞர்களைச் சேர்த்து, எதிரியால் அவிழ்க்க முடியாத சங்கேதத்தை அவர்கள் மொழியைக் கொண்டு அமைத்தது என்பதைப் படிக்கும் போதெல்லாம் எனக்குச் சினம் எழுகிறது. அவர்களின் பணி 1968 வரை மறைவாகவே வைக்கப்பட்டிருந்தது.

மொழியின் தேய்வு தண்டனையைவிட மெதுவான வழிகளில் வந்தது. பெர்னார்ட் ஸ்போல்ஸ்கி என்னும் மொழியியலாளர் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் நவஹோ வாசிப்பு ஆய்வை நடத்தியபோது, 1970 வாக்கில் பள்ளியில் சேர வந்த ஆறு வயதுக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நவஹோ பேசினர். சாலைக்கும் பள்ளிக்கும் அருகில் இருந்த வீடுகளில் ஆங்கிலம் முதலில் நுழைந்ததையும் அந்த ஆய்வு கண்டது. பிற்பாடு இஸ்ரேலில் குடியேறி எபிரேய மீட்பையும் ஆராய்ந்த அவர், இவ்விரு வரலாறுகளையும் நேருக்கு நேர் வைத்து எழுதியவர்களுள் முதன்மையானவர். மூன்றாவது ஐயத்தில் ஆழ்ந்து செல்ல விரும்பினால் அவர் எழுத்துகளையே முதலில் படியுங்கள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2011இல் வெளியிட்ட விவரப்படி, ஏறத்தாழ 1,70,000 பேர் வீட்டில் நவஹோ பேசினர். வேறு எந்த அமெரிக்கப் பழங்குடி மொழிக்கும் அந்நாட்டில் இவ்வளவு பேர் இல்லை. எண்ணிக்கை ஆறுதல் தரலாம், வயதுக் கணக்கு தராது. 1966இல் தொடங்கிய ரஃப் ராக் பள்ளியும், 1980களில் ஃபோர்ட் டிஃபையன்ஸில் தொடங்கிய நவஹோவழிக் கல்வியும் நல்ல முயற்சிகள். 2014இல் நவஹோ தேசத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஒருவர் மொழித் தேர்ச்சியின்மையால் நீக்கப்பட்டதும், மறு ஆண்டே மக்கள் வாக்கெடுப்பின் வழியாக அந்தத் தகுதியை மதிப்பிடும் பொறுப்பு வாக்காளரிடம் விடப்பட்டதும் அச்சமூகத்துக்குள்ளேயே உள்ள மனப்போராட்டத்தைக் காட்டுகின்றன. என் கருத்தில், எபிரேயத்திடமிருந்து நவஹோ எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று: பள்ளி தொடங்கும் முன்னரே, மூன்று நான்கு வயதில், குழந்தையைச் சுற்றி அம்மொழியை மட்டுமே ஒலிக்கச் செய்யும் ஏற்பாடு. பேசும் பாட்டிமாரும் தாத்தாமாரும் நவஹோவுக்கு இன்னும் இருக்கின்றனர். பென் யெகூதாவுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

மறுமொழி 4

புதுச்சொற்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எபிரேயம் பழைய வேரையோ பழைய நூற்சொல்லையோ எடுத்துப் புதிய பொருளுக்கு வைக்கும். எசேக்கியேல் முதல் அதிகாரத்தில் நெருப்பின் நடுவே ஒளிர்வதாக வரும் "ஹஷ்மல்" இன்று மின்சாரத்துக்குப் பெயர். எண்ணுதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து கணினிக்கு "மஹ்ஷேவ்" வந்தது. எபிரேய மொழிக்கழகம் 1953 முதல் இப்பணியை முறையாகச் செய்கிறது.

நவஹோ, பொருள் என்ன செய்கிறதோ அதைச் சொல்லிப் பெயராக்கும். "சிதீ" என்பது மோட்டார் வண்டி. "சிதீ நாத்தஈ" விமானம், அதாவது பறக்கிற வண்டி. பிறமொழிச் சொற்களை அது அரிதாகவே ஏற்றது, பணத்தைக் குறிக்கும் "பேசோ" போல ஸ்பானியத்திலிருந்து வந்த சில சொற்கள் தவிர. போர்க்காலச் சங்கேதத்தில் நீர்மூழ்கிக் கப்பலை இரும்பு மீன் என்றும் பீரங்கி வண்டியை ஆமை என்றும் குறித்ததும் இதே மனப்போக்கில் விளைந்ததுதான், அவை பொதுவழக்குச் சொற்கள் அல்ல என்றாலும்.

முதல் மறுமொழியில் விடுபட்ட ஓர் ஒற்றுமை இதில் இருக்கிறது. "நாத்தஈ" என்பதன் இறுதியில் உள்ள ஈகாரம், "பறக்கிறது" என்னும் முழு வினையைப் பெயராக்கி விடுகிறது. தமிழில் இதை வினையாலணையும் பெயர் என்போம். எபிரேயத்திலும் "ஷோமேர்" என்பது இடத்தைப் பொறுத்துக் "காக்கிறான்" என்னும் வினையாகவும் "காவலன்" என்னும் பெயராகவும் நிற்கும். தங்கள் விவிலிய வாசிப்பில் இத்தகைய சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். அவற்றை நவஹோவின் ஈகார ஈற்றுப் பெயர்களோடு வைத்துப் பார்த்தால், இரு மொழிகளிலும் பெயருக்கும் வினைக்கும் இடையே எல்லை எங்கே போடப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.